கொளுத்தி அண்ணனின் ராக்கெட்

உலகத்துச் சந்தேகம் மொத்தத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்றால், அது ஆரணியில் எங்கள் தெருவிலிருந்த கொளுத்தி அண்ணன்தான். பட்டு நூல் வியாபாரி. நூல் அசல் பட்டா என்று பார்க்க எங்கள் ஊரில் ஓர் இழையைக் கொளுத்தி முகர்வார்கள். முடி கருகிய வாடை வந்தால் பட்டு. அண்ணன் இந்தப் பரீட்சையை நூலோடு நிறுத்தவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் போர்த்திய சால்வையின் ஓரத்தையும் கொளுத்திப் பார்த்தார். அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி.

நான் அப்போது அவர் வீட்டு மாடியில் குடியிருந்த பேங்க் குமாஸ்தா. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். பயணிகளை ராக்கெட்டில் வானத்தின் விளிம்புவரை கொண்டுபோய், சற்று நேரத்தில் திரும்ப இறக்கிவிடப் போகிறார்களாம் என்று டிவியில் சொன்னார்கள். ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று வாயைவிட்டேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மோட்டாரு எப்டி எரியுதுன்னு பாக்காம ஏறிடுவியா நீ?"

தேவிகாபுரத்து வாணக்காரரிடம் சொல்லி, திருவிழா வாணத்தைவிடப் பல மடங்கு பருமனில் ஒரு ராக்கெட் மோட்டார், அதாவது வெடிமருந்து அடைத்த குழல், செய்து வாங்கினார். சேவூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில், களம்பூர் ரைஸ் மில்லின் பழைய எடை மெஷின்மேல் அதைத் தலைகீழாகக் கட்டினார். நெருப்பு மேலே சீறினால் மோட்டார் கீழே அழுத்தும். எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு தூக்கும் என்று விளக்கம் வேறு. பற்றவைத்ததும் முள் என் எடையைத் தாண்டி ஓடியது. அண்ணன் முள்ளைச் சந்தேகப்பட்டார். என்னை மெஷினில் ஏற்றினார். சரியாகக் காட்டியது. உடனே என்னைச் சந்தேகப்பட்டு, காலையில் எத்தனை இட்லி தின்றேன் என்று விசாரித்தார்.

அடுத்து செய்து வாங்கிய இரண்டு மோட்டாரும் அழகாக எரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்காவது பரீட்சைக்கு ஒரு நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய் மோட்டார் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் என்னண்ணே சந்தேகம்? மூணு வாட்டியும் ஒழுங்காதான எரிஞ்சிது?"

"மூணு வாட்டியும் ஒழுங்கா எரியுதுன்னா எதையோ மறச்சிகினு கீதுன்னு அர்த்தம். எழுந்து வரப்புக்கு அந்தாண்ட போய்க் குந்து."

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு முனகிக்கொண்டே போனேன். அவர் நீளமான திரியைப் பற்றவைத்துவிட்டு எதிர் வரப்புக்கு ஓடினார்.

மோட்டார் வெடித்தது. என் நாற்காலியின் கால் ஒன்று தலைக்குமேல் பறந்துபோய்ப் பக்கத்து வயல் சேற்றில் விழுந்தது.

வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் அண்ணன் ஓடிவந்தார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். நம்பவில்லை. விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். அதுவும் போதாமல், கருகிய வாடை வருகிறதா என்று என் தலையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

என்னை நம்பியவர்கள் எத்தனையோ பேர். எனக்காக இவ்வளவு சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான்.