மூன்று வரிகளில் ஒரே அப்பா

மனிதர்களில் டேட்டாபேஸ்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். தப்பித்தவறி அங்கே இல்லையென்றால் வீட்டில் இருப்பார். நாம் பார்க்கப்போகிறவர் இரண்டு இடத்திலும் இருந்தார்.

ஒரு பெரிய கிடங்கில் அவருக்கு வேலை. எந்தத் திருகாணி எந்த அலமாரியில் என்று கணினியைத் தட்டினால் சொல்லிவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவர்தான். ஒரு பொருளுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண், ஒவ்வொரு விவரத்துக்கும் தனிக் கட்டம், ஒரே பொருளை இரண்டு வரியில் ஏற்றினாலோ குடி முழுகிப்போகும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் வீட்டுக்கும் அதேபோல் ஒன்றைக் கட்டிவிட்டார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. சொந்தபந்தம் முழுவதும் வரிவரியாக ஏறியது: பிறந்த நாள், ரத்த வகை, செருப்பு அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து. இனி யாரும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று மனைவிக்கும் மகளுக்கும் அறிவித்தார். அவர்களும் ஆளுக்கொரு பக்கம் போனிலிருந்து ஏற்றினார்கள்.

ஒரு நாள் காலை, மற்ற இருவரும் வெளியே போன பிறகு, அவருடைய அப்பாவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. மருத்துவமனையில் நர்ஸ் ஊசியோடு வந்து, இவருக்கு ஏதாவது மருந்து ஆகாதா என்று கேட்டார். முன்பு ஒருமுறை ஏதோ மருந்தால் முகம் வீங்கி, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்ட மனிதர். அன்று உடன் போனவர் மருமகள். நம்மவர் போனை எடுத்த கம்பீரத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

தேடினார். மூன்று வரிகள் வந்தன. அவர் ‘அப்பா’ என்று ஏற்றியிருந்தார். மனைவி ‘மாமா’ என்று. மகள் ‘தாத்தா’ என்று. அப்பாவுக்கு எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும். மாமாவுக்குப் பென்சிலின் ஆகாது. தாத்தாவுக்கு அந்தக் கட்டமே காலி. செருப்பு அளவு மட்டும் மூன்று பேருக்கும் அச்சு அசலாக ஒன்று. எந்த வரியை நம்புவது? மூன்றையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்.

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து நர்ஸைப் பார்த்தார்.

“பென்சிலின் ஆகாதும்மா. இத என்கிட்டயே கேட்டிருக்கலாமே.”

நர்ஸ் ஊசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். நம்மவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து மூன்று வரிகளையும் ஒன்றாக்கி, ‘தகவல் சொன்னவர்’ என்று புதிதாக ஒரு கட்டமும் சேர்த்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் அப்பாவுக்கு எந்த மருந்து ஆகாது, சொல்லுங்கள் பார்ப்போம். ஊஹும், போனைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.