நான் நிமிர்த்தி வைத்த எலும்பு செல்கள்

பாஸ்கரண்ணே, இந்தக் கதையை நீதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒவ்வொரு முறையும் என்னை இன்னும் கொஞ்சம் மடையனாக்கிச் சொல்வாய். இப்போது சொல்ல நீ இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். அங்கங்கே எனக்குச் சாதகமாக எழுதினால் கண்டுகொள்ளாதே.

பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாவதோடு சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். உறையூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் எனக்கு வேலை. அண்ணன் எனக்கு நேர் எதிர். கே.கே. நகர் தாண்டி ஒரு கல்லூரியில் எலும்பு செல்லை வளர்த்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ஆபரேஷன் ஆனவர்கள் சம்மதித்துக் கொடுக்கும் எலும்புத் துணுக்கிலிருந்து செல்லைப் பிரித்து, பிளாஸ்டிக் பாட்டிலில் தீனி போட்டு வளர்ப்பான். அதற்குப் பிரண்டைச் சாற்றைக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தை அதிகமாகச் சேர்க்கிறதா என்று பார்ப்பான். (அம்மா அரைக்கும் பிரண்டைத் துவையலைத் தொடவே மாட்டான். பாட்டிலுக்கு மட்டும் ஊட்டுவான்.)

அப்பேர்ப்பட்ட எலும்பு விஞ்ஞானி, ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் மன்னார்புரத்தில் வண்டியோடு சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டோடு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தான். பூஜையன்று கல்லூரிக்கு லீவு. செல்லுக்கு ஏது லீவு? பாட்டில்களை வைத்திருக்கும் இன்குபேட்டர் என்கிற வெதுவெதுப்பான பெட்டிக்குள் விடுகிற கார்பன் டை ஆக்சைடு கேஸ் தீரப்போகிறது.

"டேய் குமாரு, பழைய சிலிண்டரை மூடிட்டு பக்கத்துல இருக்கறதத் தொறக்கணும், அவ்ளோதான். பட்டறையில தெனம் பண்றதுதானே?"

"இதெல்லாம் ஒரு வேலையாண்ணே!"

"கேளுடா. அடுத்த மாசம் ரிவ்யூ. இந்த செல்லு போச்சுன்னா மறுபடி எலும்பு எப்பக் கெடைக்கும்னே தெரியாது. என்னை மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க. வேற எதையும் தொடாத."

சரி என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அம்மா மடக்கினாள்.

"அண்ணன் பொழைக்கிற எடம்டா. ஆயுத பூஜையும் அதுவுமா ஒரு பொட்டு வெக்காம வருவியா?"

கையில் சந்தனம், குங்குமம், பொரி, கம்ப்யூட்டர் சாம்பிராணி எல்லாவற்றையும் திணித்துவிட்டாள். எந்த ஆராய்ச்சியும் அம்மாவுக்கு மேலே கிடையாது.

சிலிண்டர் வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அத்தோடு பஸ் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பட்டறைக்காரனுக்கு ஆயுத பூஜைதான் தீபாவளி, பொங்கல் எல்லாம். ஒரு ஸ்பேனரைக்கூட துடைத்து, ஒழுங்காக அடுக்கி, பொட்டு வைக்காமல் விடமாட்டோம். இங்கே இவ்வளவு மிஷின் பூஜையில்லாமல் அநாதையாக நிற்கிறதே என்று மனசு கேட்கவில்லை.

முதலில் மைக்ராஸ்கோப். கண் வைத்துப் பார்க்கிற குழாய் இரண்டு இருந்தது. ஆளுக்கொரு பொட்டு. அடுத்து, கண்ணாடி போட்ட பெரிய மேடை ஒன்று. சுவிட்சைப் போட்டதும் உள்ளே லைட் எரிந்தது. பார்க்க அப்படியே பூஜை அலமாரி. (செல் மேல் தூசி படாமல் வேலை செய்கிற இடம் அதுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?) அதற்குள் சாம்பிராணியைக் கொளுத்தி வைத்தேன். புகை வெளியே வராமல் ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கியது. சாமியே இழுத்துக்கொள்கிறது என்று மெய்சிலிர்த்தேன்.

பிறகு இன்குபேட்டரைத் திறந்தேன். உள்ளே பாட்டில் எல்லாம் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் அடியில் கொஞ்சம் ரோஸ் கலர் தண்ணீர். எவனோ அவசரத்தில் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். படித்தவர்கள் லட்சணம் இவ்வளவுதானா! ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, நிமிர்த்தி, பட்டாளம் மாதிரி வரிசையாக நிறுத்தி, தலைக்கொரு பொட்டு வைத்தேன். போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

பட்டறைப் பூஜையை முடித்து வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெருமையாக போனை அண்ணனிடம் நீட்டினேன். ஆசையாகத்தான் வாங்கினான்.

"டேய், இது ஏன்டா நிக்குது?"

"நான்தாண்ணே நிமிர்த்தி வெச்சேன். எல்லாம் விழுந்து கெடந்துச்சு."

"விழுந்து கெடக்கலடா, படுக்க வெச்சிருந்தேன்! பாட்டில் படுத்திருக்கற பக்கத்துல செல்லு ஒட்டிக்கிட்டுத்தான்டா வளரும். நிமித்துனா தண்ணி ஒரு ஓரமா எறங்கிடும். மீதியெல்லாம் காஞ்சு சாகும்டா பாவி!"

"சாமி மேல பாரத்தப் போடுண்ணே. பொட்டு வெச்சிருக்கேன்."

அவன் எறிந்த தலையணை அம்மா மேல் பட்டது.

தன் கைடு மேடத்துக்கு போன் போட்டுவிட்டு, அண்ணன் ஆட்டோவில் மாவுக்கட்டுக் காலை என் மடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஒவ்வொன்றையும் ஆட்டோ சுற்றிப் போகும்போது வலியில் முனகினான்.

லேபில் ஒரு பாட்டிலை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இரண்டு கண்ணையும் அழுத்திப் பார்த்தான்.

"எல்லாம் செவப்பாத் தெரியுதேடா..."

அவன் தலையைத் தூக்கவும் மேடம் உள்ளே வரவும் சரியாக இருந்தது. ஒரு கால் மாவுக்கட்டு. இரண்டு கண்ணையும் சுற்றிக் குங்கும வளையம். லேப் முழுக்க சாம்பிராணி மணம்.

"என்ன பாஸ்கர், சாமி வந்திருக்கா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. (குங்குமம் பட்டதாலும் இருக்கலாம். அப்படித்தான் அவன் கடைசிவரை சொன்னான்.)

மேடம் குழாயைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தார். செத்தது. இதுவும் செத்தது. இதுவும். கடைசியில் பெட்டிக்குள் மூலைவரை கையை விட்டார். பின்னால் ஒரு பாட்டில் படுத்தபடியே கிடந்தது. என் கை அதுவரை எட்டவில்லை, அவ்வளவுதான். பக்தியில் குறை எதுவும் இல்லை.

நெடுநேரம் பார்த்தார். "இது நல்லா இருக்கு பாஸ்கர். இத வெச்சே மறுபடி வளத்துரலாம்."

அண்ணன் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான். "இவன் கை இன்னும் ஒரு சாண் நீளமா இருந்திருந்தா என் கதை முடிஞ்சிருக்கும் மேடம்."

அந்த ஒரு பாட்டிலிலிருந்து வளர்த்துத்தான் ரிவ்யூவைத் தாண்டினான். அதற்குப் பிறகும் நிறைய வேலை செய்தான். டாக்டர் பட்டம் வாங்கத்தான் நாள் இல்லை. போன தை மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் வீடு திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மேடம் வந்திருந்தார். வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அம்மாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அவன் வளத்ததெல்லாம் என்னாச்சுங்க மேடம்? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. உறைய வெச்சு பத்திரமா வெச்சிருக்கோம். புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா. அதை எடுத்து வளத்து, பாஸ்கர் விட்ட எடத்துலேர்ந்து பண்ணப் போறா."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வைங்க. என் சின்னவனை மட்டும் உள்ள விடவேணாம்னு."

மேடம்தான் முதலில் சிரித்தார். அப்புறம் சித்தப்பா, அப்புறம் பந்தலே சிரித்தது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். இப்போது வீட்டில் நான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அவர்கள் கேட்கும்போதெல்லாம் அவன் பெயரும் வீட்டுக்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போகிறது.

இதைப் படிக்கிற நீங்கள் கோயிலுக்குப் போகிறவரோ, சர்ச்சுக்கோ, தர்காவுக்கோ, எங்குமே போகாமல் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்கிறவரோ, யாராக இருந்தாலும் சரி. எங்கள் பாஸ்கரண்ணனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.