குறுக்கால நிக்காதீங்க!

கொல்லிமலை மேல் வைஃபை வேலை செய்தால் அது தன் கைவேலையால்தான், வேலை செய்யாவிட்டால் யாரோ குறுக்கே நின்றதால்தான் என்று இவ்வளவு திடமாக நம்பிய மனிதர் உலகத்தில் இன்னொருவர் இருக்கவே முடியாது. பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வைஃபை ரிப்பேர் பார்க்கிற அவர், எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் எல்லோருக்கும் 'குறுக்கால'தான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "குறுக்கால யாருங்க நிக்கறது?" என்பதுதான்.

மிளகு விற்ற கையோடு என் மனைவி மூன்று வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கினாள். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மிளகு காயப்போடும் கொல்லைப் பக்கம் ஒன்று. போகிற இடத்துக்கெல்லாம் பாட்டும் கூடவே வரும் என்று கடைக்காரர் சொன்னாராம். வந்தது, பல்லவி வரைக்கும். சரணம் தொடங்கும்போது "நெட்வொர்க் இணைப்பு இல்லை" என்று ஒரு பெண் குரல் கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொல்லும்.

குறுக்காலயைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரவுட்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிலம் அளக்க வந்தவர் மாதிரி சமையலறையை நோக்கினார்.

"ஏனுங்க, நடுவால இரும்பு பீரோ நிக்குது. சிக்னல் எப்படிங்க போகும்? அங்கயே முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க."

"எனக்குத் தெரியலைங்களே."

"உங்களுக்குத் தெரியாதுங்க" என்றார், மிகுந்த அனுதாபத்தோடு.

பீரோ சமையலறைக்குப் போனது. அடுத்த மழைக்குப் பாட்டு மறுபடி நின்றது. ஃப்ரிட்ஜ் படுக்கையறைக்கு வந்தது. பிறகு நிலைக்கண்ணாடியைக் கழற்றினார். அதற்கும் பிறகு சமையலறைக் கதவையே கழற்றிச் சுவரோரம் சாத்தினார். ஆகக்கூடி, கட்டிலை விட்டு இறங்காமல் ஜில்லென்று தண்ணீர் குடிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. சேலை எடுக்க வேண்டுமென்றால் மனைவி கொதிக்கிற சாம்பாரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பாட்டு மட்டும் வழக்கம்போல் சரணத்தில் நின்றது.

நகர்த்துவதற்கு இனி நாங்கள்தான் பாக்கி. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"மனுச ஒடம்பு முக்காவாசி தண்ணிங்க. சிக்னலுக்குத் தண்ணி ஆகாது. ஹாலைத் தாண்டறப்ப கொஞ்சம் குனிஞ்சு போங்க."

குனிந்தோம். பேளுக்குறிச்சியிலிருந்து மாமனார் வந்திருந்த அன்று, காபி டம்ளரோடு அவர் முன்னால் குனிந்தே போய்க் குனிந்தே திரும்பினேன். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மருவாதியா மாப்பிள்ளை!" என்றார். நான் மறுக்கவில்லை.

இடுப்பு வலி பொறுக்காமல் ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கண்ணா, ஊட்டையே பிரிச்சு வெளிய வெச்சுட்டா பாட்டு நிக்காதுங்களா?"

கடையே சிரித்தது. குறுக்கால சிரிக்கவில்லை. கை மீசைக்குப் போனது. அந்த மீசையை அவர் தன் பிள்ளைகளைவிடச் செல்லமாக வளர்த்திருந்தார்.

"சொல்லிப்போட்டேனுங்க. இன்னைக்கு வந்து ஒரு வேலை பாக்கறேன். அதுக்கு மேல உங்க ஊட்டு ஸ்பீக்கர் ஒருவாட்டி கட் ஆனாலும் இந்த மீசையை எடுத்துப்போடறேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். அவரோ சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

வீட்டுக்குப் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "மழிச்ச மூஞ்சியோட பந்தல்ல நின்னாருன்னா, ஊட்டுல யாரு செத்ததுன்னுதான் கேப்பாங்க. உங்க வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதுங்களா?"

அன்று சாயங்காலம் வந்தவர், ரவுட்டரை ஹால் உத்திரத்தின் தொட்டில் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டார். பாடியது. மறுநாளும் பாடியது. அப்படியானால் பீரோவும் ஃப்ரிட்ஜும் எதற்காக ஊர் சுற்றின என்று நான் கேட்கவில்லை. பட்டது போதும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மூடுபனி இறங்கியது, கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. சரணத்தில் அந்த 'இணைப்பு இல்லை' பெண் வந்துவிட்டாள். ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கொக்கியை ஆட்டினேன், யாரும் சொல்லாமலே குனிந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அத்தனை கல்யாண வேலைக்கு நடுவிலும் மனிதர் மறக்கவில்லை.

"பாடுதுங்களா?"

"பாடுதுங்கண்ணா."

"போனை ஸ்பீக்கர்கிட்டப் புடிங்க, கேக்கறேன்."

கூடவே காது கொடுத்து நின்ற மனைவி போனைப் பிடுங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. பதற்றத்தில் வாயில் வந்தது ஒரு தாலாட்டு. இரண்டு அடி பாடினாள். மூன்றாவது மறந்துபோய், முதல் அடிக்கே திரும்பி வந்தாள்.

மறுமுனையில் ஒரு செருமல்.

"நல்லாப் பாடுதுங்க. கட்டே ஆகலை." குரல் இறங்கியிருந்தது. "ஏனுங்க, நாளைக்குப் பொண்ணுக்கு நலங்கு வெக்கறப்ப பாடறதுக்கு ஆளில்லீங்க. அந்த ஸ்பீக்கரைப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வெள்ளனே வரச் சொல்லுங்க."

போனோம். பந்தல் வாசலில் எண்ணெய் பூசிய மீசையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஸ்பீக்கர் இன்னமும் கட் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. நாமக்கல்லில் நல்ல மெக்கானிக் இருக்கிறார் என்கிறார்கள். வேறு ஆளைக் கூப்பிட எங்களுக்கு மனசு வரவில்லை.