சாக்குக்குள் இருந்த தேர்தல் அதிகாரி

சிம்பெப்போ கிராமம்,
டோவா மாவட்டம், மலாவி.
1994, மே மாதக் கடைசி.

என் தாயுடன் பிறந்தவரும், என் கல்யாணத்துக்குப் பொறுப்பேற்றுக் காவலாக நின்றவரும், சலிமா ஏரிக்கரையில் வலை உலர்த்துகிறவர்களிலேயே நியாயமாகப் பேசுகிறவருமான கம்வெண்டோ மாமா அவர்களுக்கு, மருமகன் ஜெய்லோஸ் மண்டியிட்டு, கை தட்டி வணங்கி எழுதுவது. தாங்கள் நலமென்றால் நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் நம் முறை. தாங்கள் நலமென்று கருவாடு ஏற்றி வந்த லாரிக்காரர் சொன்னார். ஆகவே முறைப்படி நாங்களும் நலமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

விஷயம் சின்னதுதான், பதற வேண்டாம். வருகிற சனிக்கிழமை என் கல்யாணத்தின் மேல் பஞ்சாயத்து வைத்திருக்கிறார்கள். தாங்கள் வந்து என் பக்கம் உட்காராவிட்டால், பெண் ஊரில் வந்து வாழ்கிற என்னை, ஒரு மண்வெட்டியையும் ஒரு பாயையும் கையில் கொடுத்து நம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் தாய்வழிப் பிள்ளைகள், இங்கேயே இருந்துவிடும். அவர்கள் தாய் எனெலெசியும் இங்கேயே இருந்துவிடுவாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு வாய் நசிமாக் களி இறங்காது மாமா. இதைப் பஞ்சாயத்தில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் தங்களிடம் மட்டும் எழுதுகிறேன்.

எல்லாம் இந்தத் தேர்தலால் வந்த வினை. முன்பெல்லாம் தேர்தல் எவ்வளவு சுகமாக இருந்தது. ஒரே கட்சி, ஒரே ஆள், போய்க் கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இப்போது நாலு கட்சி. யானை பழைய கட்சி, சைக்கிளும் மீனும் சோளக்கதிரும் புதுசு. ஆசிரியர்தான் நடுநிலையாளர் என்று யாரோ மேலிடத்தில் சொல்லி வைக்க, என்னை எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வாக்குச்சாவடி அதிகாரியாகப் போட்டுவிட்டார்கள். நானும் பெருமையாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது இதுதான். வருகிறவரின் பெயரை அதிகாரி உரக்கப் படிக்க வேண்டும். கட்சிக்கு ஒன்றாக நாலு சீட்டும் ஒரு உறையும் கொடுக்க வேண்டும். அவர் பாய் மறைப்புக்குள் போய், பிடித்த சீட்டை உறைக்குள் வைத்து, மற்ற மூன்றையும் அங்கிருக்கிற சாக்கில் போட்டுவிட்டு, உறையோடு வெளியே வந்து பெட்டியில் போட வேண்டும். உள்ளே என்ன செய்தார் என்பதைக் கடவுளும் பார்க்கக் கூடாது. பார்த்த அதிகாரிக்கு ஜெயில்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. காலையில் முதல் ஆளாக வந்த கிழவர் மூன்று சீட்டையும் சாக்கில் போடமாட்டேன் என்றுவிட்டார். நல்ல மெல்லிசுக் காகிதம், புகையிலை சுருட்ட ஆகும், அரசாங்கத்துக்குப் புத்தி இல்லையா என்று கேட்டார். அவரிடமிருந்து பிடுங்குவதற்குள் அடுத்தவர் நாலு சீட்டையும் ஒரே உறைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். ஏனய்யா என்றால், நாலு பேரும் வீடு தேடி வந்து கேட்டார்களாம், யார் முகத்தை முறிப்பது என்றார். அவ்வளவு நல்ல மனிதரை வைத்துக்கொண்டு நாட்டில் பல கட்சி ஆட்சி நடத்துவது கஷ்டம் மாமா.

இதெல்லாம் தாங்கக்கூடியது. தாங்க முடியாதது என் மாமியார். மாமியார் எதிரில் மருமகன் நிற்கக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, பெயரை நாக்கில் வைக்கக் கூடாது. தங்களுக்குத் தெரியாத முறையா? கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் மாமியாரை நான் முதுகுப்பக்கமாக மட்டுமே அறிவேன். அப்படிப்பட்டவர் ஓட்டுப்போட வந்தால், பெயரைக் கூவி, விரலைப் பிடித்து மை வைக்க வேண்டியவன் நான். முந்தின நாளே இதை யோசித்து எனெலெசியோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அம்மா வரிசையில் கதவை நெருங்கும்போது அவள் ஜன்னலோரம் நின்று இருமுவாள், நான் கக்கூஸுக்குப் போகிறவன் போலப் பின்பக்கம் நழுவிவிடுவேன், உதவி ஆசிரியர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

மே மாதக் குளிரில் ஊரே இருமும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வரிசையில் ஒருவர் இருமினால் போதும், நான் எழுந்து ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் இன்னொருவர் இருமினார், மறுபடி ஓடினேன். மீன் கட்சி ஏஜெண்ட் வயிற்றுக்குக் கொய்யா இலைக் கஷாயம் நல்லது என்றார். சைக்கிள் கட்சிக்காரர் நான் வெளியே யாருக்கோ தகவல் சொல்லப் போவதாக மற்றவர்களிடம் குசுகுசுத்தார். எனவே ஜன்னலில் எனெலெசி தொண்டை கிழிய இருமியபோது நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் மாமியார்.

பழைய கட்சியின் துணியை உடுத்தியிருந்தார். யானை முகம் போட்ட துணி. நாட்டுத் தலைவர் எப்போது விமான நிலையத்துக்கு வந்தாலும் முன்வரிசையில் ஆடுகிறவர் அவர்தான். பின்கதவில் ஒரு கூட்டம், முன்கதவில் அவர். எனக்கு இருந்த ஒரே இடம் பாய் மறைப்பு. உள்ளே பாய்ந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவர் வரப்போவதும் அங்கேதான் என்று. திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி ஒரு சத்தமும் போட முடியாமல், பாதி நிறைந்திருந்த சாக்கைத் தலைவழியாகக் கவிழ்த்துக்கொண்டு மூலையில் குந்திவிட்டேன்.

அவர் வந்தார். வெகுநேரம் நின்றார். பிறகு மூன்று சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக என் தலைமேல் விழுந்தன. நான் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தேன். இதைத் தாங்கள் பஞ்சாயத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். சாக்கு கெட்டியான சாக்கு. கண்ணும் மூடி, சாக்கும் மூடி. அவர் போய்விட்டார். நான் எழுந்திருப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்து, "ஐயோ, சாக்குக்குக் கால் இருக்கு" என்று கத்திக்கொண்டு மறைப்போடு சேர்த்து வெளியே விழுந்தார். பாய்கள் சரிந்தன. ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

நாலு ஏஜெண்டும் எழுந்துவிட்டார்கள். யானைக்கட்சி ஏஜெண்ட் யார் தெரியுமல்லவா, என் மாமியாரின் தம்பி லுஃபேயோ. இந்த ஊர்க் கிளையின் தலைவர். கட்சி அட்டை இல்லாதவனைச் சந்தைக்குள் விடாமல் வாசலில் நின்றவர். நான் எதிர்க்கட்சியின் உளவாளி என்றார். சைக்கிள்காரர் நான் பழைய கட்சியின் உளவாளி என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், எனக்கு நாலு பக்கம்.

அதோடு போயிருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். அன்று மாலை பெட்டியைத் திறந்து எண்ணினால், லுஃபேயோவின் வம்சத்தில் பாதிப்பேர் அளவுக்குக்கூட யானைக்கு ஓட்டில்லை. தன் குடும்பத்தில் ஒரு ஓட்டு சிதறாது என்று மாவட்டத்தில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார் மனிதர். வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லாரும் யானை என்றார்கள். அத்தனை யானையும் எங்கே போயிற்று? ஊரிலேயே சாட்சியோடு ஓட்டுப்போட்டவர் என் மாமியார் ஒருவர்தான், அந்தச் சாட்சி நான். நேற்று என்னை அழைத்து உட்கார வைத்தார்.

"மாப்ளே, எங்கக்கா எதைச் சாக்குல போட்டா? நீ சொல்லிடு, உனக்கு ஒண்ணும் வராது."

"நான் எதையும் பாக்கல தலைவரே."

"அப்போ மாமியார் இருக்கிற இடத்துல எதுக்குப் போய் ஒளிஞ்சே? சனிக்கிழமை உன் மாமாவை வரச்சொல்லு."

என் நிலைமையைப் பாருங்கள். பார்த்தேன் என்றால் மாமியாரைப் பார்த்த முறைகெட்டவன், அதோடு ஜெயில். பார்க்கவில்லை என்றால் நம்ப ஆளில்லை. யானைதான் உறைக்குள் போயிற்று என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் லுஃபேயோ குளிர்ந்துவிடுவார், ஆனால் அதைச் சொல்லவும் நான் பார்த்திருக்க வேண்டுமே. எனெலெசி என்னோடு பேசுகிறாள், ஆனால் சிரித்துவிடக் கூடாதென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறாள். தாங்கள் வந்து, என் மருமகன் சின்ன வயதிலிருந்தே இருட்டைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவன் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். தங்கள் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமையே புறப்பட்டால்தான் பஸ் கிடைக்கும்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் வலைகள் கிழியாமல், படகு ஓட்டையில்லாமல், முட்டிவலி மழைக்காலம் வரை எட்டிப்பார்க்காமல் இருக்கக் கடவுள் அருள்வாராக. மூதாதையர் தங்களுக்கு நல்ல வார்த்தைகளைக் கொடுப்பார்களாக, முக்கியமாக சனிக்கிழமை அன்று.

தங்கள் காவலை நம்பியிருக்கும் மருமகன்,
ஜெய்லோஸ்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கடிதத்தை மடிக்கும்போது குதிருக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னிடம் பேசவில்லை, முறை தெரிந்தவர், முற்றத்தில் மேய்ந்த கோழியிடம் பேசினார்.

"ஏ கோழி, அங்க ஒரு வாத்தியார் உக்காந்திருக்காரு. அவருக்குச் சனிக்கிழமை பஞ்சாயத்து இல்லன்னு சொல்லு. என் தம்பிகிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். சைக்கிளுக்குத்தான் போட்டேன்னு. அட்டை இல்லன்னு மாசமா இருந்த என் பொண்ணை, அவன் அக்கா மகளை, சந்தை வாசல்ல வெயில்ல நிக்க வச்சான். நான் அன்னிக்கும் ஆடப் போனேன். இனிமே ஆடமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

நானும் சுவரைப் பார்த்தபடியே கோழியிடம், வாத்தியார் எதையும் பார்க்கவில்லை என்று அம்மாவிடம் சொல் என்றேன். "சாக்குல ஓட்டை இருந்துச்சு, அதுல ஒரு கண்ணும் இருந்துச்சுன்னு சொல்லு" என்று கோழிக்குப் பதில் வந்தது. ஆகவே இரண்டு கண்ணும் என்று மேலே எழுதியிருப்பதை ஒரு கண் என்று திருத்திப் படிக்கவும்.

ஆனாலும் தாங்கள் சனிக்கிழமை வந்தே ஆக வேண்டும். அக்கா சொன்னதை லுஃபேயோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அடுப்படியிலிருந்து அவர் மனைவி தானும் சைக்கிள்தான் என்றிருக்கிறாள். அவர் ஏதோ சொல்ல, அவள் பானைகளைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை அவளுடைய மாமன்கள் பஞ்சாயத்துக்கு வருகிறார்கள். லுஃபேயோவுக்குத் தாய்மாமன் யாரும் உயிரோடு இல்லை. அவர் பக்கம் உட்கார ஆளில்லை. சற்றுமுன் என் வாசலுக்கு அவரே வந்து, பாயில்கூட உட்காராமல் தரையில் உட்கார்ந்து, உன் மாமா எனக்காகப் பேசுவாரா, எழுதிக் கேள் என்றார். கேட்டுவிட்டேன்.

போகும்போது வாசலில் நின்றார். "மாப்ளே, வேற ஒண்ணும் நீ சொல்ல வேண்டாம். எங்கக்கா அந்த யானையைக் கிழிச்சுப் போட்டாளா, கசக்கிப் போட்டாளா?"

"நான் கண்ணை மூடிட்டு இருந்தேன் தலைவரே" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆனா தலையில விழுந்தப்போ வலிக்கல. ரொம்ப மெதுவாத்தான் வச்ச மாதிரி இருந்துச்சு."