குதிருக்குள் ஒத்திகை

வரைபடம் போடுகிறவர்கள் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்ட அசையாபுரி என்ற நாட்டில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் கூடி ராஜாவைத் தேர்ந்தெடுப்பார்கள். தோற்ற ராஜாவின் கட்டியக்காரரை, நாக்கில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லி, எல்லைக்கு வெளியே துரத்திவிடுவது அங்கே வழக்கம்.

அரண்மனைக் கட்டியக்காரர் ஏகாம்பரத்துக்கு அதுதான் கவலை. அவர் எழுந்து நின்று, "சூரியனுக்கே விடுப்பு வழங்கும் சூரசேன மகாராஜா" என்று முழங்கினால், ஏழு ஊர் தாண்டி எருமைகள் பால் சுரப்பதை நிறுத்திவிடும். ஆனால் இந்தமுறை வடக்குக் கோட்டை வல்லவராயர்தான் ஜெயிப்பார் என்று ஊரே பேசியது. ஆகவே இருக்கிற வேலை இருக்கும்போதே அடுத்த வேலைக்குத் தொண்டையைத் தயார்செய்தார். சத்தம் வெளியே போகாமலிருக்க, நெற்குதிருக்குள் தலையை விட்டு, "வாடாத தோரணமே, வல்லவராயரே" என்ற வடக்குக் கோட்டைக் கட்டியத்தைப் பழகினார்.

"நல்லவேளை, நெல்லெல்லாம் வரியில போச்சு," என்றாள் மனைவி வடிவாம்பாள். "இல்லேன்னா தலையை எங்கங்க விடுவீங்க?"

அந்த வாரமே மந்திரி அம்பலத்தரசர் ஆணை பிறப்பித்தார்: வேலையில் இருக்கும்போது வேறு வேலைக்குத் தயாராவது ராஜதுரோகம். தலை வாரிக்கொண்டால் நேர்காணலுக்குப் போகிறார்கள் என்று சீப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். ஏரி வற்றியதால் தறி பழகிய உழவர்களைப் பிடித்து, வற்றிய ஏரியிலேயே நாற்று நடச் சொன்னார்கள். ஆணை வாசித்ததெல்லாம் ஏகாம்பரம்தான். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குதிருக்குள் தலையை விட்டார்.

ஒருநாள் தலையை வெளியே எடுத்தபோது, எதிரே மந்திரி நின்றுகொண்டிருந்தார். ஏகாம்பரம் தலையில் ஒட்டிய உமியோடு கும்பிட்டார்.

மந்திரி கதவைச் சாத்தினார். "கட்டியக்காரரே, ராஜாங்க ரகசியம் ஒன்று கேட்கிறேன். 'வாடாத தோரணமே' என்பதற்குப் பிறகு குரலை ஏற்றுவதா, இறக்குவதா? எனக்கு மூன்று மாதமாக அந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது."

"ஏத்தணுங்க ஐயா. வயித்துலேர்ந்து."

மறுநாள் தளபதி வந்தார். அதற்கடுத்து அரண்மனை வைத்தியர். கடைசியில், முக்காடு போட்டுக்கொண்டு சூரசேன மகாராஜாவே வந்தார்.

"மகாராஜா, நீங்களுமா?"

"இந்தச் சிம்மாசனம் போனா எனக்கு வேற என்ன தொழில் தெரியும், சொல்லுப்பா? வல்லவராயர்கிட்ட ஒரு சின்ன மந்திரி வேலை கிடைச்சாப் போதும்." முக்காட்டை விலக்கிவிட்டு ராஜா குதிருக்குள் குனிந்தார். குரல் சுமார்தான். ஆர்வம் அபாரம்.

தேர்தல் முடிந்தது. பட்டாபிஷேகத்தன்று சபை முழுவதும் ஒரே மூச்சில், ஒரே ஏற்றத்தில் புதிய ராஜாவைப் புகழ்ந்தது. முன்வரிசையில் நின்ற புதிய தானியத்துறை மந்திரி சூரசேனருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

வல்லவராயர் குழம்பினார். "பழைய ராஜாவோட ஆளுங்க எங்கய்யா? கட்டியக்காரனையாவது துரத்தணுமே."

"அவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள் பிரபு," என்றார் அம்பலத்தரசர். "நாங்கள் நெடுநாளாகத் தங்கள் ஆட்கள். ஏகாம்பரம் எங்களுக்குத் தந்த பயிற்சியைத்தான் பார்த்தீர்களே."

ஏகாம்பரம் பெருமூச்சு விட்டார். முதல் வரிசையில் நின்றவர்களின் தலைப்பாகைகள் ஆடின.

"குடிமக்கள்?"

"அவர்கள் எதற்கும் தயாராகவில்லை பிரபு. சட்டத்தை மதிக்கிறவர்கள்."

"அப்ப அந்தச் சட்டம் அப்படியே இருக்கட்டும்," என்றார் வல்லவராயர்.

ஏகாம்பரம் வெளியே வந்து, மிகுந்த மகிழ்ச்சியோடு, வயிற்றிலிருந்து குரலை ஏற்றி அதை நாட்டுக்கு அறிவித்தார்.