ஹைட்ரஜன் பிழைப்பு

மதிப்புக்குரிய பெரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், நான் வேலை பார்க்கும் தட்டச்சுக் கடையின் இரண்டு கணினிகளில் ஒன்று நலம். உங்கள் கோபமும் நலமாக இருப்பதை நேற்று நீங்கள் கடைக்கு வந்தபோது தெரிந்துகொண்டேன்.

"இந்தக் கழுதைய முதல்ல வேலைய விட்டு அனுப்புங்க!" என்று கடைக்கார அக்காவிடம் கத்தினீர்கள். நேரில் பேச எனக்கு நாக்கு எழாது, அதனால் எழுதுகிறேன். டி.என்.ஏ. பற்றிய உங்கள் வழிகாட்டி நூலை அடிக்க உட்கார்ந்த அன்றே முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு சொல் விளங்கவில்லை. "மாமா, இது பிணைப்பா, பிழைப்பா?" என்று கேட்டேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தீர்கள். "பிழைப்புதான். ஒம்பதாவதோட நின்னவளுக்கு வேதியியல்ல என்ன சந்தேகம்? சொன்னத அடி!" அடித்தேன். இப்போது முந்நூறு பிரதியிலும் அடினினும் தைமினும் இரண்டு ஹைட்ரஜன் பிழைப்பு நடத்துகின்றன. குவானினும் சைட்டோசினும் மூன்று. மூன்று பிழைப்பு என்றதும் பள்ளிக்கூடம், டியூஷன், வழிகாட்டி நூல் என்று உங்களையே உதாரணம் காட்டுகிறீர்கள் என நினைத்துவிட்டேன். சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் சேர்ப்பது வலுவான பிழைப்பாம், ஹைட்ரஜனுடையது சூடு பட்டாலே அறுந்துவிடுமாம். என்னுடையதும் ஹைட்ரஜன் வகைதான் போலிருக்கிறது. நீங்கள் சூடாக வந்து நின்ற ஐந்தே நிமிடத்தில் அக்கா என் நாற்காலியை ஒரு மாதிரி பார்த்தார். சரிபார்க்கக் கொடுத்தபோது அட்டையில் உங்கள் பட்டத்துக்கு ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, உள்ளே அறுபத்து மூன்று பிழைப்பு தெரியவில்லை. மாணவர்கள் கூடிக்கூடிச் சிரிக்கிறார்களாம். உங்கள் நூலை யாரோ கடைசிவரை படித்திருக்கிறார்களே, அதுவே பெரிய விஷயம்.

இந்த வேலை போனால் அம்மா என்னை உங்கள் வீட்டு எடுபிடியாக அனுப்பிவிடுவாள். ஆகவே அக்காவிடம் வந்து, தப்பு உங்களுடையது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் நீண்ட ஆயுளும், கொஞ்சம் கண்பார்வையும் பெற்று வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கை மகள்

பின்குறிப்பு: விளங்காதது முதல் பக்கத்துச் சொல் மட்டும்தான். மீதி அறுபத்திரண்டு இடத்திலும் 'பிணைப்பு' என்று மணிமணியாக எழுதியிருந்தீர்கள். அத்தனையையும் கணினியில் ஒரே தட்டில் மாற்றியது நான், தெரிந்தேதான். சற்றுமுன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "வாயே தொறக்காத பொண்ணுக்கு இவ்ளோ குசும்பா!" என்று மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். முந்நூறு பிரதியையும் திருப்பி அனுப்புங்கள். 'பிணைப்பு' என்று அச்சிட்ட துண்டுக் காகிதம் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் ஒட்ட வேண்டும். அதை முடிக்கும்வரை என்னை வேலையை விட்டு அனுப்ப முடியாதாம்.