புஷ்பவள்ளியின் புண்ணும் ஒரு நொதியின் புகழும்

பினாங்குத் தீவு உலக அறிவியலுக்கு அளித்த கொடைகளில் தலையாயது புஷ்பவள்ளியின் இடது பாதத்துப் புண். ஆய்வுக் கழக இயக்குநர் டாக்டர் புவனேஸ்வரனே இதை அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார். ஆகவே மறுப்பதற்கில்லை.

அந்தப் புண்ணில் எடுத்த கிருமி எந்த மருந்துக்கும் அசரவில்லை. அதனிடம் ஒரு நொதி இருந்தது. உள்ளே வரும் மருந்தை வெட்டிப் போட்டுவிடும். கழகத்தார் அந்த நொதியைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, அதில் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுவிட்டார்கள். இரண்டு வருட உழைப்பு. புஷ்பவள்ளியும் அதே இரண்டு வருடம் உழைத்தாள், நொண்டிக்கொண்டு.

வரும் புதன்கிழமை பாதத்தை எடுத்துவிடுவதாக மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அழைப்பிதழ் வந்ததும், மருந்துதான் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நம்பி, கணவன் அர்ஜுனனோடு ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து கிளம்பி வந்தாள்.

மேடையில் இரண்டு பெரிய படங்கள். ஒன்றில் நொதி, வண்ண ரிப்பன்களைச் சுருட்டி வைத்ததுபோல. மற்றதில் 'கொடையாளர்' புஷ்பவள்ளி. அவள் படத்துக்கு மட்டும் செவ்வந்தி மாலை, கீழே விளக்கு. ஏற்பாட்டாளர் காமாரியா மலாய்க்காரர்; தமிழ்த் தோழிகளின் வீடுகளில் குடும்பமே மதிக்கும் ஒருவரை இப்படித்தான் மாட்டிவைத்திருப்பதைக் கண்டவர். இயக்குநர் தமிழர்தான். ஆனால் அவர் கண் நொதியை விட்டு அகலவில்லை.

அர்ஜுனன் மாலையைக் கழற்ற எழுந்தான். புஷ்பவள்ளி அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். மருந்து கிடைக்கும்வரை யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது.

மருந்து போய் வெட்டுப்படும் பள்ளத்தைத் திரையில் காட்டியபோது இயக்குநரின் குரல் தழுதழுத்தது. அவையோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். எழ முடியாதவள் ஒருத்திதான்.

தேநீர் வேளையில் தன் நாற்காலிப் பக்கம் வந்த இயக்குநரை மறித்துக் கேட்டாள்.

"டாக்டர், மருந்து எப்பக் குடுப்பீங்க? புதன்கிழமை பாதத்த எடுக்கப் போறாங்க."

"மருந்து 'இரண்டாம் கட்டம்' அக்கா. இப்பதானே எதிரியோட முகத்தப் பார்த்திருக்கோம். பத்து வருஷம் ஆகும்லா." பிறகு அக்கறையோடு குனிந்தார். "எடுத்த பாதத்த மட்டும் தூக்கிப் போட விட்டுடாதீங்க. நாங்களே ஐஸ் பெட்டியோட வந்துடறோம்."

குழுப் படம் எடுக்கக் கூடினார்கள். அப்போதுதான் இயக்குநருக்கு மேடையில் ஏதோ குறை தென்பட்டது. நொதியின் படம் வெறுமையாக இருந்தது. அதற்கும் ஒரு மாலை கொண்டுவரச் சொன்னார்.

"வேணாம் டாக்டர்" என்றாள் புஷ்பவள்ளி. "அது உயிரோட நல்லாத்தானே இருக்கு."